யாருடைய கை?

மனிதன் யார் என்ற கேள்வியை மறைநூலும் கேட்கிறது. மண்ணைத் தோண்டும் அறிவியலும் கேட்கிறது. நிலத்து மண்ணால் மனிதனை உருவாக்கி, அவனுள் தம் மூச்சை ஊதி, அவனை உயிருள்ளவனாக்கினார் இறைவன் என்று தொடக்கநூல் கூறுகிறது. அதே மண் தன் மடியில் மறைத்து வைத்திருந்த எலும்புகளையும் கற்கருவிகளையும் ஓவியங்களையும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடுத்து வருகிறது. இவ்விரண்டு சாட்சியங்களும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை. மனித உடலின் தோற்றம் பற்றிய ஆய்வுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் தம் சுற்றுமடலில் இடமளித்தார். பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996-இல் பாப்பிறை அறிவியல் கழகத்திற்கு எழுதினார். ஆகவே மனிதத் தோற்றத்தைக் காட்டும் ஓர் அருங்காட்சியகத்திற்குள் கிறிஸ்தவன் அச்சத்தோடு நுழைய வேண்டியதில்லை. ஆனால் வெளியே வரும்போது அவன் ஆன்மசோதனை செய்துகொண்டே வர நேரிடலாம். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க் நகரில், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 'ஆரிஜின்ஸ் சென்டர்' என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. 'தோற்றுவாய் மையம்' என்று நாம் அதை அழைக்கலாம். 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் தபோ எம்பெக்கி அதைத் திறந்து வைத்தார். இனவெறி ஆட்சி வீழ்ந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நிறத்தின் பெயரால் மனிதரைப் பிரித்து வைத்த ஒரு நாடு, மனிதர் அனைவரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்பதைக் காட்டுவதற்கு ஒரு வீடு கட்டிக்கொண்டது என்பதே சிந்திக்கத் தக்கது.

அங்கே காட்சிக்கு இருப்பவை இரு வகையின. கல்லை உடைத்துக் கூராக்கிய கைகளின் வேலை ஒன்று. பாறையில் உருவங்களைக் கொத்தியும் தீட்டியும் வைத்த கைகளின் வேலை மற்றொன்று. முதலாவது வயிற்றுக்காக, இரண்டாவது எதற்காக? இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் மனிதன் தன்னையும் தனக்கு அப்பாற்பட்டதையும் எண்ணத் தொடங்கியிருக்கிறான்.

அந்தத் தொடக்கத்தின் மிகப் பழைய தடயங்களுள் சில தென்னாப்பிரிக்கக் கடற்கரையில்தான் கிடைத்தன. கேப் டவுன் நகருக்குக் கிழக்கே, இந்துமாக்கடலை நோக்கியிருக்கும் ப்ளோம்போஸ் குகையில், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறப்பட்ட காவிக்கல் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் என்று 2002-இல் அறிவிக்கப்பட்டது. சிப்பி ஓடுகளில் காவியைக் குழைத்து வைத்திருந்த 1,00,000 ஆண்டுப் பழைய சாயக்கலங்கள் பற்றி 2011-இல் அறிந்தோம். 2018-இல் மற்றொரு செய்தி வந்தது. சுமார் 73,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிறு கற்செதிளில், காவிக் கட்டியால் யாரோ ஆறு கோடுகளை இழுத்து, மூன்று கோடுகளால் அவற்றைக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். ஒன்பது கோடுகள், அவ்வளவே. அதைக் கீறியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் பேசிய மொழி தெரியாது. ஆனால் அது ஒரு மனிதக் கை என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை.

'இன்று' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் பழைய மனிதரின் கைவேலையைக் கண்டபோதெல்லாம், அது அவர்களுடையது என்று ஒப்புக்கொள்ள மறுத்த வரலாறே நம்முடையது.

குழந்தையின் முகம்

இதே பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர் ரேமண்ட் டார்ட். 1924-ஆம் ஆண்டின் இறுதியில் தாவுங் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் குழியிலிருந்து வந்த ஒரு பாறைத்துண்டு அவர் கைக்குக் கிடைத்தது. தம் மனைவியின் பின்னல் ஊசிகளைக் கூராக்கி, பல நாட்கள் பொறுமையோடு சுரண்டி, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குச் சற்று முன்பாக அப்பாறைக்குள் இருந்த முகத்தை அவர் விடுவித்தார். அது ஒரு குழந்தையின் முகம். குரங்கும் அல்ல, இன்றைய மனிதனும் அல்ல. 1925 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அதற்கு 'ஆஸ்ட்ரலோபித்தேகஸ் ஆப்பிரிக்கானஸ்' என்று பெயரிட்டு, மனித குலத்தின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று எழுதினார்.

இலண்டன் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அவர்களிடம் இங்கிலாந்திலேயே கிடைத்த 'பில்ட்டவுன் மனிதன்' இருந்தான். பெரிய மூளை, குரங்கின் தாடை: ஆதிமனிதன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். ஐரோப்பாவில் பிறந்த ஆதிமனிதன் அவர்களுக்கு இனித்தான். ஆப்பிரிக்கக் குழந்தை கசந்தது. பில்ட்டவுன் மனிதன், மனித மண்டையோட்டையும் குரங்குத் தாடையையும் சேர்த்துச் சாயம் பூசிச் செய்த மோசடி என்று 1953-இல் அம்பலமானது. அதற்கு முன்பே, டார்ட்டைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவரான சர் ஆர்தர் கீத், டார்ட் சொன்னதே சரி, தாம் சொன்னது தவறு என்று 1947-இல் அதே 'நேச்சர்' இதழில் எழுதினார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அம்முதுமையில் அச்சில் ஏறிய அந்த ஒப்புதல், அவர் எழுதிய நூல்கள் பலவற்றினும் நீண்ட நாள் நினைக்கப்படும் என்று எண்ணுகிறேன்.

அல்ட்டமிராவின் கூரை

எலும்புக்கு நேர்ந்ததே ஓவியத்திற்கும் நேர்ந்தது. அதைச் சொல்வதற்குச் சிறிது நேரம் ஆப்பிரிக்காவை விட்டு ஸ்பெயின் நாட்டிற்குச் செல்ல வேண்டும். அங்கு நாம் சந்திக்கும் ஒரு குருவானவரே பின்னர் நம்மை ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப அழைத்து வருவார்.

1879-இல் மார்செலினோ சான்ஸ் தெ சாவுத்துவோலா என்ற நிலக்கிழார், வட ஸ்பெயினில் உள்ள அல்ட்டமிரா குகையின் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் மண்ணில் இருந்தன. உடன் வந்திருந்த அவருடைய சிறுமகள் மரியா மேலே பார்த்தாள். தாழ்ந்த கூரை முழுவதும் செந்நிறத்திலும் கருநிறத்திலும் காட்டெருமைகள்! கற்றவரின் கண்ணுக்குப் படாதது குழந்தையின் கண்ணுக்குப் பட்டது. ஞானிகளுக்கு மறைக்கப்பட்டுக் குழந்தைகளுக்கு வெளிப்படுத்தப்படுவது பற்றி ஆண்டவர் தந்தைக்கு நன்றி கூறியதை இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

சாவுத்துவோலா 1880-இல் அதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அறிஞர் உலகம் அவரை நகைத்தது. காட்டுமிராண்டிகளான கற்கால மனிதர்களுக்கு இத்தகைய கலை எப்படிக் கைவரும் என்று கேட்டது. அண்மைக் காலத்து ஓவியர் ஒருவரைக் கொண்டு அவரே வரையச் செய்தார் என்ற பழியும் எழுந்தது. பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் தெ மொர்த்தியே, இது ஸ்பானிய இயேசு சபையினர் தொல்லியலை ஏளனப்படுத்துவதற்காக விரித்த வலையாக இருக்கக்கூடும் என்று தம் நண்பர் எமில் கார்த்தையாக்கை எச்சரித்தார். குருக்கள் மீதிருந்த வெறுப்பு, கண்ணெதிரே இருந்த ஓவியத்தைக் காணவிடவில்லை. சாவுத்துவோலா 1888-இல் இறந்தார். அவர் பெயரில் ஒட்டிய கறை அப்போது துடைக்கப்படவில்லை.

பின்னர் பிரான்சு நாட்டுக் குகைகளிலும் இத்தகைய ஓவியங்கள் வெளிப்படத் தொடங்கின. 1901-இல் லே கொம்பரெல், ஃபோன் தெ கோம் ஆகிய குகைகளின் ஓவியங்களைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் இளங்குரு ஹென்றி ப்ரேய். அதற்கு முந்திய ஆண்டில்தான் அவர் குருத்துவத் திருநிலை பெற்றிருந்தார். இனி மறுப்பதற்கு இடமில்லை என்று உணர்ந்த கார்த்தையாக், 1902-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பில் அவர் சேர்த்த சொற்கள், திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொண்டு சொல்லும் சொற்களே: 'மெயா குல்ப்பா'. ஐயுற்றவன் ஒருவன் தன் பிழையை ஏற்றுக்கொள்ளும் அறிக்கை அது. அறிவியல் இதழில் ஒரு பாவசங்கீர்த்தனம்! அதே ஆண்டில் அவர் ப்ரேயை அழைத்துக்கொண்டு அல்ட்டமிரா சென்றார். கூரை மிகத் தாழ்ந்திருந்ததால், சருகும் வைக்கோலும் அடைத்த சாக்குகளின் மீது மல்லாந்து படுத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் ப்ரேய் அந்தக் காட்டெருமைகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்தார். கொம்பையும் குளம்பையும் வரைந்த அந்த ஆதிக் கையின் அசைவை, பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு குருவின் கை திரும்ப அசைத்தது.

வெள்ளைச் சீமாட்டி

கதை இங்கே முடிந்திருந்தால், நம் சபைக்குப் பெருமை தரும் கதையாக அதைச் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் ஜொகன்னஸ்பர்க் அதற்கு இடங்கொடுப்பதில்லை.

ப்ரேய் தம் காலத்துத் தொல்லியலின் பேராசானாக உயர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் அழைப்பின்பேரில் இந்நாட்டில் தங்கிப் பாறை ஓவியங்களை ஆராய்ந்தார். அவர் மனத்தை ஆட்கொண்ட ஓர் ஓவியம் அண்டை நாடான நமீபியாவில், பிராண்ட்பெர்க் மலைக் குகையொன்றில் இருந்தது. ஜெர்மானிய நில அளவையாளர் ஒருவர் முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் அதைக் கண்டு படியெடுத்திருந்தார். சுமார் நாற்பது சென்டிமீட்டர் உயரம். கையில் வில்லும் அம்பும். உடலின் ஒரு பகுதி வெண்ணிறம். ப்ரேய் 1929-இல் தென்னாப்பிரிக்கா வந்தபோது அதன் படியைக் கண்டார். 1947-இல் நேரில் சென்று பார்த்தார். அது ஒரு வெள்ளைப் பெண் என்றார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து, கிரீட் தீவின் நாகரிகத்தோடு தொடர்புடையவர்கள் வந்து பதித்த தடயம் என்றார். 'பிராண்ட்பெர்க்கின் வெள்ளைச் சீமாட்டி' என்ற பெயரில் 1955-இல் நூலும் வெளியிட்டார்.

அவர் சீமாட்டியும் அல்லர், வெள்ளையரும் அல்லர். பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஓர் ஆண் உருவமாகவே காண்கிறார்கள். வெண்மை உடலில் பூசிய சாயம். வரைந்தவர்கள் அம்மண்ணின் வேட்டைச் சமூகத்தார். இன்று 'சான்' என்று நாம் அழைக்கும் மக்களின் முன்னோர் மரபில் வந்த கலை அது.

இதே குருவானவர்தான் அரை நூற்றாண்டுக்கு முன் அல்ட்டமிராவில், 'காட்டுமிராண்டிகளால் முடியாது' என்ற வாதத்தைத் தகர்த்தவர் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். ஐரோப்பியக் குகைவாசிக்கு அவர் வழங்கிய மனித மாண்பை ஆப்பிரிக்க வேட்டைக்காரருக்கு அவரால் முழுமையாக வழங்க முடியவில்லை. டார்ட்டும் இதற்கு விலக்கல்லர். 1929-இல் பிரித்தானிய அறிவியல் கழகத்தின் கூட்டம் தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது, மாபெரும் சிம்பாப்வே என்னும் கற்கோட்டையைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற பெண்மணி சான்றுகளோடு நிறுவினார். எழுந்து சினத்தோடு மறுத்தவர் டார்ட்! ஆப்பிரிக்கக் குழந்தையின் முகத்தைப் பாறையிலிருந்து விடுவித்து, அதற்காக ஏளனம் பட்டவர். ஆப்பிரிக்கர் கட்டிய சுவரை ஆப்பிரிக்கருடையது என்று ஏற்க அவருக்கு மனம் வரவில்லை.

இவர்கள் தீயவர்கள் அல்லர். ப்ரேய் தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான நாட்களை நிலத்தடி இருளில் கழித்தவர், உண்மையைத் தேடியவர். ஆனால் ஒரு காலத்தின் பார்வை என்னும் தூசி, தேடுகிறவனின் கண்ணிலும் படிந்துவிடுகிறது. அத்தூசியால் பயன் பெற்றவர்களும் இருந்தார்கள். இந்நிலத்தின் சிறந்த கலையும் கட்டடமும் வெளியிலிருந்து வந்தவர்களின் வேலை என்றால், வெளியிலிருந்து வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவு வசதி!

கனவு என்ற பெயருடையவர்

அப்படியானால் இந்த ஓவியங்களை வரைந்தவர்களிடமே யாரும் கேட்கவில்லையா? கேட்டவர்கள் இருந்தார்கள், மிகச் சிலர்.

சான் மக்கள் வேட்டையாடிய நிலங்களில் குடியேறிய பண்ணையாளர்கள், பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆயுதப் படைகளாகத் திரண்டு அவர்களைக் கொன்றார்கள். குழந்தைகளைப் பிடித்துச் சென்று பண்ணைகளில் வேலை வாங்கினார்கள். பசியால் ஆடு மாடு திருடியவர்கள் கேப் டவுன் துறைமுகச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1870-இல் வில்லெம் ப்ளீக் என்ற ஜெர்மானிய மொழியறிஞர், அக்கைதிகளுள் சிலரைத் தம் வீட்டில் தங்கவைத்து அவர்கள் மொழியைக் கற்க அரசிடம் அனுமதி பெற்றார். கொலைக்களத்திலிருந்து தப்பிய ஒரு மொழிக்கு மொழியறிஞர் ஒருவரின் வீடு பள்ளிக்கூடமாயிற்று. ஆசிரியர்கள் கைதிகள், மாணவர்கள் ப்ளீக்கும் அவருடைய மைத்துனி லூசி லாயிடும்.

அந்த ஆசிரியர்களுள் முதியவர் கப்போ. சொடுக்கொலியோடு தொடங்கும் அப்பெயருக்குக் 'கனவு' என்று பொருள். 1871-இல் அவ்வீட்டிற்கு வந்தார். அதே ஆண்டில் தண்டனைக் காலம் முடிந்தது. ஊரில் மனைவி மக்கள் காத்திருந்தார்கள். ஆயினும் 1873 வரை அவர் தங்கினார். தம் மக்களின் கதைகள் நூல்களின் வழியாக உலகுக்குத் தெரியவரும் என்ற எண்ணம் அவருக்கு மகிழ்ச்சி தந்தது என்று ப்ளீக் குடும்பத்தார் பதிவு செய்துள்ளனர். ஊர் திரும்பிய கப்போ 1876-இல் இறந்தார்; ப்ளீக் அதற்கு முந்திய ஆண்டே இறந்திருந்தார். லூசி லாயிட் வறுமையிலும் உடல்நலக் குறைவிலும் அப்பணியைத் தொடர்ந்து, 1911-இல் நூலொன்றை வெளிக்கொணர்ந்தார். ஏறத்தாழ 12,000 பக்கங்கள் கொண்ட அக்கையேடுகளை யுனெஸ்கோ நிறுவனம் 1997-இல் 'உலக நினைவகப்' பதிவேட்டில் சேர்த்தது.

1874-ஆம் ஆண்டில் மலைநாட்டு ஓவியங்களின் படிகள் ப்ளீக்கின் கைக்கு வந்தன. மலைநாட்டில் அவற்றைப் படியெடுத்த நீதிபதி ஜோசப் ஆர்ப்பென், கிங் என்ற இளம் சான் வேட்டைக்காரரிடம் அவற்றின் பொருளைக் கேட்டு எழுதியிருந்தார். எல்லாவற்றையும் படைத்தவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டபோது, தமக்குத் தெரியாது, ஈலண்ட் மான்களுக்குத் தெரியும் என்று அந்த இளைஞர் கூறினாராம். இவை பொழுதுபோக்குக் கிறுக்கல்கள் அல்ல, அம்மக்களின் சமய உணர்வை வெளியிடும் கலை என்று ப்ளீக் அப்போதே எழுதினார். ஒரு நூற்றாண்டு அதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. ப்ரேய் ஆப்பிரிக்கா வந்தபோது, அக்கையேடுகள் கேப் டவுனில்தான் இருந்தன.

1981-இல் வெளிவந்த தம் நூலில் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் அக்கையேடுகளையும் ஓவியங்களையும் அருகருகே வைத்துப் படித்தார். டிராக்கன்ஸ்பர்க் மலையில் கேம் பாஸ் என்ற பாறை ஒதுக்கில் ஓர் ஈலண்ட் இறந்துகொண்டிருக்கிறது. தலை தாழ்ந்திருக்கிறது; பின்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னியிருக்கின்றன. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதனின் கால்களும் அவ்வாறே பின்னியிருக்கின்றன. அது வேட்டைக் காட்சி அன்று. நோயாளிகளுக்காக இரவெல்லாம் வட்டமாக ஆடி, மெய்ம்மறந்து விழும் குணமளிப்பவர், அந்த மானின் சாவில் பங்குபெற்று அதன் ஆற்றலை மக்களுக்குக் கொண்டுவருகிறார் என்ற நம்பிக்கையின் காட்சி. தன்னலமின்றித் தன்னை இழந்து பிறருக்கு நலம் தேடும் ஒருவரின் உருவம் அது. அதன் முன் நிற்கும் கிறிஸ்தவன் விரைந்து கடந்து போக முடியாது. அது நம் மறைபொருள் அன்று. அதை நம்முடையதாக்கிக்கொள்ள நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் வரைந்தவர் தம்மைவிடப் பெரிய ஒன்றின்முன் மண்டியிட்டிருந்தார் என்பதை மண்டியிடத் தெரிந்த எவரும் அறிந்துகொள்ளலாம்.

பேச ஆளில்லாத மொழி

2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். மக்களினங்களின் உரிமைகளுக்கும் அவர்களுடைய பண்பாட்டின் மாண்புக்கும் எதிரான பாவங்கள் அவற்றுள் அடங்கும். அது நடந்து ஏழு வாரங்கள் கூட ஆகவில்லை. ஏப்ரல் 27 அன்று தென்னாப்பிரிக்கா தன் புதிய அரசுச் சின்னத்தை வெளியிட்டது. அதன் நடுவில் ஒருவரையொருவர் நோக்கி நிற்கும் இரு மனித உருவங்கள், கேப் டவுன் அருங்காட்சியகத்தில் உள்ள சான் ஓவியப் பாறை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. அடியில் உள்ள முதுமொழி, வேறுபட்ட மக்கள் ஒன்றுசேர்க என்ற பொருள்பட, கப்போவின் மொழியில் எழுதப்பட்டது. அதை அமைத்துக் கொடுத்தவர் லூயிஸ்-வில்லியம்ஸ்.

அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேச இன்று ஒருவரும் இல்லை. ஒரு நாட்டின் மேன்மைமிக்க வாக்கியம், அந்நாடு அழியவிட்ட நாவின் மொழியில் நிற்கிறது. மன்னிப்பு வேண்டுதல் எப்போதும் இப்படிக் காலந்தாழ்ந்துதான் வருமோ? சாவுத்துவோலா உயிரோடிருக்கும்போது கார்த்தையாக்கின் கட்டுரை வரவில்லை. கப்போ கண்ணால் காண, அவர் கதைகள் நூலாகவில்லை.

மையத்தை விட்டு வெளியேறுமுன், ஒரு விலங்கின் உருவம் கொத்தப்பட்ட கல்லின்முன் சற்று நேரம் நின்றேன். கல்லின் கருமையில் உளி பட்ட இடம் மட்டும் வெளிறியிருந்தது. முதுகின் வளைவைக் கொத்தியவர் தயங்கியதாகத் தெரியவில்லை. இறைவனின் சாயல் மனிதரில் இருக்கிறது என்று நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கற்கிறோம். கற்றதை நம்புவது எளிது. எதிரே நிற்கும் இந்தக் கறுத்த மனிதனில், இந்தக் கைதியில், எழுதப் படிக்கத் தெரியாத இந்த முதியவரில் அது இருக்கிறது என்று நம்புவதே கடினம். பெரிய அறிஞர்கள் தடுக்கி விழுந்தது அங்கேதான்; நாமும் அங்கேதான் விழுகிறோம். நம் ஊர்ப் பாதையில் கல் உடைக்கிறவரின் கையை, நம் வீட்டு வாசலைக் கூட்டுகிறவரின் கையை, எதையும் படைக்க வல்ல கை என்று நாம் என்றேனும் எண்ணியதுண்டா?

அடுத்த திருப்பலியில் மார்பில் தட்டிக்கொள்ளும்போது, கார்த்தையாக்கை நினைத்துக்கொள்வேன். அக்கை யாருடையது என்று தெரிந்தும் ஒப்புக்கொள்ளாத நாட்கள் என் கணக்கிலும் இருக்கின்றன.